ஆயிரம் கோர் கிடைத்தால் வேலை ஒரே நாளில் முடிந்துவிடுமா?

ஆய்வு மாணவர் ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். அவர் ஆராய்வது நீரில் மிதக்கும் ஒரு புரதம். நீரையும் சேர்த்து ஏறக்குறைய 50,000 அணுக்கள். துறையில் உள்ள 16 கோர் (கோர் என்பது தனியாகக் கணக்கிடும் செயலிக் கூறு) கணினியில், மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிடும் குரோமாக்ஸ் மென்பொருளைக் கொண்டு ஓட்டினால், ஒரு நாள் முழுக்க ஓடி 20 நானோ வினாடி அளவுக்கே புரதத்தின் அசைவு கிடைக்கிறது. அவருக்கு வேண்டியது ஒரு மைக்ரோ வினாடி, அதாவது 50 நாள் ஓட்டம். மீத்திறன் கணினியில் 1,000 கோர் கேட்டு வாங்கினால் இது ஒரு நாளுக்குள் முடிந்துவிடுமா என்பது முதல் கேள்வி. வானிலைக் கணிப்புக்குப் பல்லாயிரம் கோர்களைப் பயன்படுத்துகிறார்களே, அவர்களுக்கு மட்டும் எப்படி அது பயன்தருகிறது என்பது இரண்டாவது. ஒரே உள்ளீட்டை 16 கோரிலும் 64 கோரிலும் ஓட்டியபோது விடைகள் ஒத்துப்போகவில்லை, எங்கே தவறு செய்தேன் என்பது மூன்றாவது.

முதல் கேள்விக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: முடியாது. உங்கள் கணக்கு 1,000 கோரில் 62 மடங்கு வேகமாக ஓடாது என்பது மட்டுமில்லை, 200 கோரில் ஓடியதைவிட மெதுவாக ஓடினாலும் நான் வியக்கமாட்டேன். இதற்குக் காரணம் கணினியின் குறையோ மென்பொருளின் குறையோ இல்லை. உங்கள் கணக்கிலேயே பங்கிட முடிந்த பகுதி ஒன்றும் பங்கிட முடியாத பகுதி ஒன்றும் இருக்கின்றன; அவற்றைப் பிரித்து அறிந்துகொண்டால்தான் எத்தனை கோர் கேட்பது என்ற முடிவுக்கே வர முடியும்.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். மூலக்கூறு இயக்கவியலில், அதாவது இப்படி அணுக்களின் அசைவைக் கணக்கிடும் முறையில், காலத்தின் ஓர் அடி என்பது வழக்கமாக 2 ஃபெம்டோ வினாடி; ஒரு நானோ வினாடியில் பத்து லட்சம் ஃபெம்டோ வினாடிகள். ஒரு நாளில் 20 நானோ வினாடி என்றால் ஒரு கோடி அடிகள். ஒரு நாளில் உள்ள 86,400 வினாடிகளை அதனால் வகுத்தால் ஓர் அடிக்கு 8.64 மில்லி வினாடி ஆகிறது. நீங்கள் கேட்கும் ஒரு மைக்ரோ வினாடிக்கு 50 கோடி அடிகள் வேண்டும். இந்த 50 கோடி அடிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வைக்க முடியும், ஏனென்றால் அணுக்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்று தெரிந்த பிறகே அவற்றின் மீது செயல்படும் விசையைக் கணக்கிட முடியும், விசை தெரிந்த பிறகே அவை அடுத்து எங்கே போகும் என்று சொல்ல முடியும். ஆயிரம் பேர் சேர்ந்தாலும் முதல் அடி முடியாமல் இரண்டாவது அடியைத் தொடங்க வழியில்லை. காலத்தைப் பங்குபோட முடியாது. இடத்தை, அதாவது அணுக்கள் நிறைந்த அந்தப் பெட்டியை மட்டுமே பங்குபோட முடியும். ஆகவே 62 மடங்கு வேகம் வேண்டும் என்று கேட்பதற்குப் பொருள், ஒவ்வோர் அடியும் 8.64 மில்லி வினாடிக்குப் பதிலாக ஏறக்குறைய 138 மைக்ரோ வினாடியில் முடிய வேண்டும் என்பதே.

அந்த 138 மைக்ரோ வினாடிக்குள் என்னென்ன நடக்க வேண்டும் என்று சற்று நெருங்கிப் பாருங்கள். 1,000 கோருக்கு 50,000 அணுக்களைப் பங்கிட்டால் ஒரு கோருக்கு 50 அணுக்கள். நீரில் ஒரு கன நானோ மீட்டருக்குள் சுமார் 100 அணுக்கள் இருக்கும் என்பதால், ஒரு கோருக்குக் கிடைக்கும் இடம் பக்கத்துக்கு 0.8 நானோ மீட்டர் உள்ள ஒரு சின்னக் கனசதுரம். ஆனால் ஓர் அணுவின் மீதான குறுந்தொலைவு விசையைக் கணக்கிட அதைச் சுற்றி ஏறக்குறைய ஒரு நானோ மீட்டர் தொலைவு வரை உள்ள எல்லா அணுக்களின் இருப்பிடமும் தெரிய வேண்டும். தன் வீட்டின் அகலத்தைவிட அதிகத் தொலைவுக்கு அக்கம்பக்கத்தைப் பார்க்க வேண்டிய நிலை இது. ஒவ்வொரு கோரும் ஒவ்வோர் அடியிலும் தன்னிடம் உள்ளதைப் போலப் பல மடங்கு அணுக்களின் விவரங்களைப் பிறரிடமிருந்து வாங்கித்தான் வேலையைத் தொடங்க முடியும்.

வயலைத் துண்டு போட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஓர் ஏக்கரை நான்கு பேருக்குப் பிரித்தால் நடுவே இரண்டு வரப்பு போதும்; அதையே நானூறு பேருக்குப் பிரித்தால் நடவுக்கு இடமில்லாமல் வரப்பே நிலத்தைத் தின்றுவிடும். கணக்கில் வரப்பு என்பது செய்திப் பரிமாற்றம். ஒரு பக்கத்துக்கு 1,000 புள்ளிகள் கொண்ட ஒரு கன வலையை 1,000 செயலிகளுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் பத்து லட்சம் புள்ளிகள். ஆறு முகங்களிலும் சேர்த்துப் பரிமாற வேண்டியவை 60,000, அதாவது 6 விழுக்காடு. அதே வலையை 64,000 செயலிகளுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 15,625 புள்ளிகள்; பரிமாற வேண்டியவை 3,750, அதாவது 24 விழுக்காடு. கணக்கு மாறவில்லை, வரப்பு மட்டும் நான்கு மடங்கு தடித்துவிட்டது.

பரிமாற்றத்துக்கு ஆகும் நேரம் செய்தியின் அளவை மட்டும் பொறுத்ததும் இல்லை. கணினிகளை இணைக்கும் நல்ல இன்ஃபினிபேண்ட் வலையமைப்பிலும் ஒரு நோடிலிருந்து (மீத்திறன் கணினிக்குள் உள்ள ஒரு தனிக் கணினி) இன்னொரு நோடுக்கு மிகச் சிறிய செய்தி போய்ச் சேர ஒன்றிரண்டு மைக்ரோ வினாடி ஆகும். ஓர் அடிக்கு 8.64 மில்லி வினாடி இருந்தபோது அது ஒரு பொருட்டே இல்லை. 138 மைக்ரோ வினாடிதான் என்று ஆகும்போது ஒவ்வொரு செய்தியும் கணக்கில் வருகிறது. அதற்கு மேல், நெடுந்தொலைவு மின்விசையைக் கணக்கிடும் முறையில் ஃபூரியர் மாற்றம் என்னும் கணித முறை வருகிறது. அண்டை வீட்டாரோடு மட்டும் பேசினால் அது முடியாது. அந்த வேலையில் ஈடுபட்ட கோர்கள் தெரு முழுவதோடும் தரவுகளை மாற்றிக்கொள்ள வேண்டும். மூலக்கூறு இயக்கவியலைப் பெரிய கணினியில் ஓட்ட முயன்றவர்கள் கடைசியில் முட்டி நிற்கும் இடம் பெரும்பாலும் இதுதான்.

இந்த எல்லையைச் சுருக்கமான ஒரு கணக்காகக் கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்தால் 1967-இல் முன்வைத்தார். வேலையில் 5 விழுக்காடு பங்கிட முடியாதது என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 கோரில் 9.1 மடங்கு வேகம் கிடைக்கும். 64 கோரில் 15.4, 1,000 கோரில் 19.6, எண்ணற்ற கோர்களைக் கொடுத்தாலும் 20-ஐத் தாண்டாது. 64-இலிருந்து 1,000-க்குப் போக நீங்கள் கூடுதலாகக் கேட்ட 936 கோர்களும் சேர்ந்து தரும் பலன், 15.4 மடங்கு வேகத்தை 19.6 மடங்கு ஆக்குவது மட்டும்தான். ஒரு பல்கலைக்கழகத்தின் பொதுக் கணினியில் அந்த 936 கோர்களுக்காக வேறு எத்தனை மாணவர்கள் வரிசையில் காத்திருக்கிறார்கள் என்பதை நாள்தோறும் பார்க்கிறவன் என்ற முறையில், இந்த எண்களை ஒவ்வோர் ஆய்வு மாணவரும் ஒரு முறையாவது தம் கையால் போட்டுப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அப்படியானால் வானிலைக்காரர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? இதற்கான விடை 1988-இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் ஜான் குஸ்டாஃப்சனும் அவருடைய குழுவினரும் 1,024 செயலிகள் கொண்ட கணினியில் செய்து காட்டியதில் இருக்கிறது. பெரிய கணினி கிடைத்தவர் பழைய சின்னக் கணக்கையே வேகமாகப் போட்டுக்கொண்டிருப்பதில்லை, கணக்கையே பெரிதாக்கிவிடுகிறார் என்பது அவர்கள் வாதம். செயலிக்குச் செயலி வேலை குறையாமல் கணக்கு வளர்ந்தால், வரப்பின் பங்கு அதிகமாவதில்லை. அவ்வாறு அளந்தபோது அவர்களுக்கு 1,000 மடங்குக்கு மேல் வேகம் கிடைத்தது. அம்தால் சொன்னதும் பொய்யில்லை, இதுவும் பொய்யில்லை. அவர் கணக்கின் அளவை மாற்றாமல் நேரத்தைக் குறைக்கப் பார்த்தார், இவர்கள் நேரத்தை மாற்றாமல் கணக்கின் அளவைக் கூட்டினார்கள்.

வானிலைக் கணிப்பு இந்த இரண்டாம் வகைக்குப் பிறவியிலேயே பொருந்தியது. லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர், மின்னணுக் கணினி என்ற ஒன்றே இல்லாத காலத்தில், 1910 மே 20-ஆம் நாளின் ஐரோப்பிய வானிலையைச் சமன்பாடுகளைக் கொண்டு கையால் கணக்கிட்டுப் பார்த்தார். ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் உயரும் என்று வந்தது. உண்மையில் அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை. அந்தத் தோல்வியை மறைக்காமல் 1922-இல் வெளியிட்ட நூலிலேயே அச்சிட்டார் என்பதற்காக அவர் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. அதே நூலில் அவர் ஒரு கனவையும் எழுதி வைத்தார். உள்சுவர் முழுக்க உலக வரைபடம் தீட்டிய மாபெரும் அரங்கு. அதில் 64,000 பேர் அமர்ந்து, ஒவ்வொருவரும் தம் பகுதிக்கான சமன்பாட்டின் ஒரு பங்கை மட்டும் கணக்கிடுகிறார்கள். வந்த எண்களை அக்கம்பக்கத்தவர் படிக்கும்படி சிறு விளக்குப் பலகைகளில் காட்டுகிறார்கள். நடுவே உயர்ந்த மேடையில் நிற்கும் பொறுப்பாளர், மற்றவர்களைவிட முந்தி ஓடும் பகுதியின் மீது ரோஜா நிற ஒளியும் பின்தங்கிய பகுதியின் மீது நீல ஒளியும் பாய்ச்சுகிறார்.

இன்று எம்.பி.ஐ. என்னும் செய்திப் பரிமாற்ற முறையைக் கொண்டு நிரல் எழுதுகிறவர் செய்யும் எல்லாமே அந்த அரங்கில் இருக்கின்றன. இடத்தைப் பங்கிடுவது, ஓரத்து மதிப்புகளை அண்டைச் செயலிக்குக் கொடுப்பது, எல்லாரும் ஒரே வேகத்தில் போகிறார்களா என்று கண்காணிப்பது ஆகிய மூன்றும்தான் நம் வேலை. நீல ஒளி விழும் ஒருவருக்காக மற்ற 63,999 பேரும் காத்திருக்க நேரிடும் என்பதை அவர் அப்போதே உணர்ந்திருந்தார். குரோமாக்ஸ் தன் பதிவுக் கோப்பின் கடைசியில் வேலைச்சுமை எத்தனை விழுக்காடு சமனற்று இருந்தது என்று அச்சிடுகிறதே, அது அந்த நீல ஒளிதான்.

காற்று மண்டலத்தில் ஒரு புள்ளியில் அடுத்த சில நிமிடங்களில் நடப்பதை அதன் அண்டைப் புள்ளிகளே பெரும்பாலும் முடிவு செய்கின்றன. அதோடு கணக்கை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம். வலையின் இடைவெளியைக் குறைத்தால் போதும். 2025 மே மாதம் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த பாரத் முன்கணிப்பு அமைப்பு, அதற்கு முன் 12 கிலோ மீட்டராக இருந்த இடைவெளியை 6 கிலோ மீட்டராக்கியது. புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் அர்க்கா என்னும் 11.77 பெட்டாஃப்ளாப் (ஒரு பெட்டாஃப்ளாப் என்பது வினாடிக்குப் பத்துக் கோடி கோடி கணக்குகள்) கணினியில் அது ஓடுகிறது. இடைவெளி பாதியானால் தரைமட்டத்தில் புள்ளிகள் நான்கு மடங்கு ஆகும். ஆனால் கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூவரும் 1928-இல் காட்டிய நிபந்தனைப்படி, இடைவெளி குறையும்போது பொதுவாகக் கால அடியையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டியிருக்கிறது. ஆக வேலை எட்டு மடங்கு. அந்த எட்டில் நான்கு மடங்கைக் கூடுதல் செயலிகள் ஏற்றுக்கொள்ளும். மீதி இரண்டு மடங்கு, ஒன்றன்பின் ஒன்றாக வைக்க வேண்டிய அடிகளின் எண்ணிக்கையில் கூடுவது. அதை எந்த எண்ணிக்கையிலான செயலியும் பங்கிட்டுக்கொள்ள முடியாது. உங்கள் புரதத்துக்குத் தடையாக நிற்கும் அதே காலம் அவர்களையும் விடுவதில்லை.

மூலக்கூறு இயக்கவியலிலும் இப்படிக் கணக்கைப் பெரிதாக்கியவர்கள் உண்டு. எச்.ஐ.வி. கிருமியின் உறை முழுவதையும் அணு அணுவாகக் கட்டி ஆராய்ந்த இல்லினாய் பல்கலைக்கழகக் குழுவின் 2013-ஆம் ஆண்டு ஆய்வில் 6.4 கோடி அணுக்கள் இருந்தன, உங்கள் அமைப்பைப் போல 1,280 மடங்கு. அவர்களுக்கு ப்ளூ வாட்டர்ஸ் போன்ற பெரிய கணினி தேவைப்பட்டது, அது வீணாகவும் இல்லை.

கணக்கின் வடிவமும் கணினியின் வடிவமும் பொருந்துவது எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருந்தது. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் 2004-இல் கட்டப்பட்ட கப்ரு என்னும் கணினித் தொகுப்பில் 144 நோடுகள் இருந்தன. அவற்றை ஒரே சுவிட்சில் கொண்டுபோய்ச் செருகாமல், 6, 6, 4 என்ற முப்பரிமாண அடுக்காகக் கோத்து, ஒவ்வொரு நோடும் தன் அண்டை நோடுகளோடு நேரடியாகப் பேசும்படி அமைத்தார்கள். அணுக்கருத் துகள்களுக்குள் உள்ள குவார்க்குகளின் விசையைப் புள்ளிக்கட்டத்தில் கணக்கிடும் ஆய்வு அதன் முதன்மையான வேலைகளுள் ஒன்று. அந்தக் கணக்கும் அண்டைப் புள்ளியோடுதான் பேசும். அதற்கு முன்னரே, 1991-இல் இந்திய அரசின் கணினி ஆய்வு மையமான சி-டாக் உருவாக்கிய பரம் 8000 கணினியும் ட்ரான்ஸ்பியூட்டர் என்னும் சில்லுகளைக் கோத்துக் கட்டப்பட்டதே. பிற சில்லுகளோடு பேசுவதற்கான நான்கு இணைப்புகள் அந்தச் சில்லுக்குள்ளேயே இருந்தன. கணினியின் திறனைச் சொல்லும்போது நாம் செயலிகளின் எண்ணிக்கையைத்தான் சொல்கிறோம், அவை பேசிக்கொள்ளும் வழியைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

இனி நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். விண்ணப்பம் எழுதுவதற்கு முன் ஓர் அளவீடு செய்யுங்கள். உங்கள் உள்ளீட்டை 16, 32, 64, 128 கோரில் பத்துப் பத்து நிமிடம் ஓட்டி, ஒரு நாளைக்கு எத்தனை நானோ வினாடி என்று குறித்துக்கொள்ளுங்கள். 20, 38, 66, 95 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். 32-இல் பயன்திறன் 95 விழுக்காடு, 64-இல் 82, 128-இல் 59. இப்படி வந்தால் நான் 64-இல் நிறுத்திவிடுவேன். 128 கோர் கொடுத்தாலும் அதில் 64 கோர் வீதம் இரண்டு ஓட்டங்களை ஓட்டுவேன், ஒன்றை ஓட்டமாட்டேன்.

அதற்கு முன்பாகவே, ஒரே ஒரு நல்ல ஜி.பி.யூ. (வரைகலைச் செயலி) உள்ள நோடில் ஓட்டிப் பாருங்கள். 50,000 அணு அளவுள்ள அமைப்புக்கு இன்றைய ஜி.பி.யூ. ஒன்றே நாளைக்குச் சில நூறு நானோ வினாடி தரக்கூடும். ஆயிரக்கணக்கான கணக்குக் கூறுகள் ஒரே சில்லுக்குள், ஒரே நினைவகத்தின் மேல் இருப்பதால் வலையமைப்பைத் தாண்டிப் பேசும் செலவு அங்கே இல்லை. உங்கள் 50 நாள் வேலை 1,000 கோர் இல்லாமலே ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும் வாய்ப்பு மிகுதி. 2022-இல் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கப்பட்ட 838 டெராஃப்ளாப் (0.838 பெட்டாஃப்ளாப்) திறனுள்ள பரம் பொருள் கணினியிலும் கோர்களோடு ஜி.பி.யூ. நோடுகளும் இருக்கின்றன. தேசிய மீத்திறன் கணினித் திட்டத்தின் கீழ் அமைந்த இத்தகைய கணினிகள் எதற்கு விண்ணப்பித்தாலும், எந்த வகை நோடு என்று தெளிவாக எழுதுங்கள்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். உங்களுக்கு வேண்டியது ஒரு மைக்ரோ வினாடி நீளமுள்ள ஒரே பாதையா, அல்லது அந்தப் புரதம் எந்தெந்த வடிவங்களை எத்தனை முறை எடுக்கிறது என்ற கணக்கா? இரண்டாவது என்றால், வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து இருபது 50 நானோ வினாடி ஓட்டங்களை எடுக்கலாம். அவை தங்களுக்குள் பேச வேண்டியதே இல்லை. 16 கோர் வீதம் 320 கோரில் ஒரே நேரத்தில் ஓடி இரண்டரை நாளில் முடியும். ஸ்டான்ஃபோர்டில் 2000-இல் தொடங்கிய ஃபோல்டிங்-அட்-ஹோம் திட்டம் உலகெங்கும் வீடுகளில் உள்ள கணினிகளைக் கொண்டு புரத மடிப்பை ஆராய முடிந்தது இந்த வழியில்தான். ஆனால் மைக்ரோ வினாடி கழித்தே நிகழும் மெதுவான மாற்றம் ஒன்றைத் தேடுகிறீர்கள் என்றால் குட்டை ஓட்டங்கள் ஒவ்வொன்றும் அதைக் காணாமலே முடிந்துவிடும். எது வேண்டும் என்பதை இயற்பியல்தான் சொல்ல வேண்டும்.

சிறிய எச்சரிக்கை ஒன்று. என் தொடக்க ஆண்டுகளில் 256 கோர் வேலை ஒன்று 32 கோர் வேலையைவிட மெதுவாக ஓடியது. இரண்டு நாள் வலையமைப்பைச் சந்தேகித்தேன். கடைசியில் பார்த்தால், உள்ளீட்டுக் கோப்பில் ஒரு எண்ணைத் தவறாக இட்டு, ஒவ்வோர் அடியிலும் எல்லா அணுக்களின் இருப்பிடத்தையும் வட்டில் எழுதச் சொல்லியிருந்தேன்; 256 கோரும் ஒரு கோப்பு எழுதி முடிவதற்காகக் காத்து நின்றன. 5,000 அடிக்கு ஒரு முறை எழுதினால் உங்கள் ஆய்வுக்குப் போதும்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். நீங்கள் தவறு எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. பத்தின் பதினாறாம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டி, பிறகு அதே பெரிய எண்ணைக் கழித்துப் பாருங்கள். வழக்கமான இரட்டைத் துல்லியத்தில், அதாவது ஓர் எண்ணின் ஏறக்குறைய 16 இலக்கங்களை மட்டும் வைத்துக்கொள்ளும் முறையில், கணினி 0 என்று சொல்லும். கழித்துவிட்டுப் பிறகு ஒன்றைக் கூட்டினால் 1 என்று சொல்லும். கணினியில் கூட்டலின் வரிசை மாறினால் விடையின் கடைசி இலக்கங்கள் மாறும். 16 கோரும் 64 கோரும் ஓர் அணுவின் மீதான விசைகளை வெவ்வேறு வரிசையில் கூட்டுகின்றன. அந்த மிகச் சிறிய வேறுபாட்டைப் புரதமும் நீரும் அடிக்கு அடி பெருக்கிக்கொண்டே போகும். எட்வர்ட் லோரன்ஸ் 1961-இல் தம் வானிலைக் கணக்கைப் பாதியிலிருந்து மீண்டும் ஓட்ட 0.506127 என்ற எண்ணை 0.506 என்று சுருக்கித் தட்டச்சு செய்தபோது, சிறிது நேரத்தில் இரண்டு வானிலைகளும் தொடர்பே இல்லாமல் பிரிந்து போயின. உங்கள் இரண்டு ஓட்டங்களிலும் நடந்தது அதுவே.

ஆகவே ஒரு குறிப்பிட்ட நொடியில் ஒரு குறிப்பிட்ட அணு எங்கே இருந்தது என்று இரண்டையும் ஒப்பிடாதீர்கள். தொடக்கத் திசைவேகங்களை மாற்றி 16 கோரில் ஐந்து ஓட்டங்கள், 64 கோரில் ஐந்து ஓட்டங்கள் எடுத்து, வெப்பநிலை, அடர்த்தி, புரதத்தின் சராசரி விலகல் ஆகியவற்றின் சராசரியையும் சிதறலையும் ஒப்பிடுங்கள். இரண்டு குழுக்களின் சராசரிகளும் ஒன்றன் சிதறலுக்குள் மற்றொன்று அடங்கினால் கவலைப்பட ஒன்றுமில்லை. அடங்காவிட்டால், முதலில் கால அடியின் அளவையும் ஆற்றல் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகிறதா என்பதையும் பாருங்கள். அந்த இரண்டு எண்களையும் பதிவுக் கோப்போடு சேர்த்து அனுப்பினால் நானும் பார்த்துச் சொல்கிறேன்.